பேபால் பணம் கைவிட்டுப் போகாமல் இருக்க: வெளிநாட்டுக்குப் புடவை அனுப்புவோர் கவனத்துக்கு

இணையம் வழியாகப் பணம் வாங்க உதவும் பேபால் கணக்கில் பணம் ஏறியதும் விற்பனை முடிந்துவிடாது. பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள் வரை வாங்கியவர் புகார் எழுப்பலாம். கார்டில் கட்டியிருந்தால் நேரே தன் வங்கியிடம் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். இதுதான் சார்ஜ்பேக். இதில் முடிவு சொல்வது பேபால் இல்லை, கார்டு கொடுத்த வங்கி.

பேபாலின் விற்பனையாளர் பாதுகாப்பு இரண்டே புகார்களுக்குத்தான்: 'பொருள் வந்து சேரவில்லை', 'இந்தப் பணத்தை நான் கட்டவே இல்லை'. விதிப்படி அனுப்பியிருந்தால் இந்த இரண்டிலும் பணம் உங்களிடமே இருக்கும். 'சொன்ன புடவை வேறு, வந்த புடவை வேறு' என்ற புகாருக்குப் பாதுகாப்பு கிடையாது. அங்கே நீங்கள் எடுத்து வைத்த படங்கள்தான் பேசும்.

பணம் வந்ததாக மின்னஞ்சல் வந்தால் அதை நம்பிப் பார்சல் கட்டத் தொடங்காதீர்கள். போலி மின்னஞ்சல்கள் ஏராளம். பேபால் கணக்கில் நுழைந்து அந்தப் பரிவர்த்தனையைத் திறங்கள். விற்பனையாளர் பாதுகாப்புக்குத் தகுதி உண்டா என்பதும், அனுப்ப வேண்டிய முகவரியும் அங்கேயே இருக்கும்.

அந்த முகவரிக்குத்தான் அனுப்ப வேண்டும். பெரும்பாலானோர் வழுக்கி விழும் இடம் இதுதான். 'டொராண்டோவில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அனுப்பிடுங்களேன்' என்று வாட்ஸ்அப்பில் கேட்பார்கள், கேட்பவரும் நல்லவராகவே இருப்பார். ஆனாலும் முகவரி மாறினால் பாதுகாப்பு போய்விடும். பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுத்து, புது முகவரி போட்டு மறுபடி கட்டச் சொல்லுங்கள். 'என் ஆள் நேரில் வந்து வாங்கிக்கொள்வார்' என்றால் மறுத்துவிடுங்கள். கையில் கொடுத்த பொருளுக்கு டெலிவரிச் சான்று இருக்காது.

டிராக்கிங் இல்லாத அஞ்சலில் அனுப்பிக் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். இந்திய அஞ்சல் துறையின் வெளிநாட்டு விரைவு அஞ்சலான ஈஎம்எஸ்ஸின் டிராக்கிங் எண்ணில் இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் 'ஐஎன்' இருக்கும். அதே எண்ணைப் போய்ச் சேரும் நாட்டு அஞ்சல் தளத்திலும் பார்க்கலாம். எண்ணைப் பேபாலிலும் பதிவு செய்யுங்கள். டெலிவரி ஆன தேதியும் ஊரும் தெரியும் பக்கத்தை அன்றே சேமியுங்கள். 750 அமெரிக்க டாலரோ அதற்கு மேலோ என்றால் வாங்கியவர் கையெழுத்திட்ட சான்றும் வேண்டும். விலை கூடிய பட்டுப்புடவை இரண்டு சேர்ந்தாலே அந்தத் தொகையைத் தொட்டுவிடலாம்.

பார்சல் கட்டுவதற்கு முன் முந்தானை, பார்டர், உடல், அசல் பட்டு என்று சான்று சொல்லும் சில்க் மார்க் சீட்டு எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். நூல் இழுப்பு இருந்தால் மறைக்காமல் அதையும் எடுத்து, அனுப்புவதற்கு முன்பே வாங்குபவருக்குக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். கட்டிய பெட்டியைத் தராசில் வைத்து எடை தெரியும்படி ஒரு படம். அஞ்சலக ரசீதிலும் அதே கிராம் கணக்கு இருக்கும். பின்னால் 'பெட்டி காலியாக இருந்தது' என்றால் இந்த இரண்டும் பலமான சாட்சி.

புகார் வந்தால் பேபால் காட்டும் கெடு தேதிக்குள் பதில் போட்டே ஆக வேண்டும். பேசாமல் இருந்தால் வழக்கு வாங்கியவர் பக்கம் முடியும். பதிலில் கோபம் வேண்டாம். டிராக்கிங் எண், ரசீது, படங்கள், பேசிய செய்திகள், இவை போதும். வாங்கியவர் புடவையைத் திருப்பி அனுப்புகிறேன் என்றால் அதுவும் டிராக்கிங்கோடு வரட்டும். பார்சல் வந்ததும் பிரிப்பதற்கு முன்பிருந்தே வீடியோ எடுங்கள்.

சார்ஜ்பேக் நடந்துகொண்டிருக்கும்போது, பாவம் பார்த்து வாங்கியவருக்கு வங்கிக் கணக்கு வழியாகத் தனியாகப் பணம் அனுப்பிவிடாதீர்கள். வங்கியும் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டால் ஒரே புடவைக்கு இரண்டு முறை பணம் போகும்.