ஸ்கோன் ஏன் பஞ்சுபோல வருவதில்லை? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓவனில் சுடும் சிறிய, மெத்தென்ற பிரெட் போன்ற பண்டமான ஸ்கோனுக்கு வேண்டிய பொருள்கள் மிகக் குறைவு. மைதா, பேக்கிங் பவுடர், வெண்ணெய், சர்க்கரை, உப்பு, பால், அவ்வளவுதான். முட்டையை நுரைக்க அடிக்க வேண்டாம், ஈஸ்ட் பொங்கும்வரை காத்திருக்க வேண்டாம். மாவை அளக்கத் தொடங்கியதிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் சூடாகத் தட்டில் வைத்துவிடலாம். அப்படியிருந்தும் உயராமல், உள்ளே அடர்ந்து, கடித்தால் இழுக்கிற ஸ்கோன்தான் பலருக்கும் வருகிறது. அநேகமாக அக்கறை அதிகமாகிப்போவதுதான் காரணம். நன்றாகப் பிசைய வேண்டும், வழவழப்பாக்க வேண்டும், ஒழுங்காகத் தேய்க்க வேண்டும் என்று மாவைக் கை விடுவதே இல்லை.

மைதாவில் ஈரம் பட்டதும் அதிலுள்ள புரதங்கள் பிணைந்து க்ளூட்டன் என்ற இழைகளாகின்றன. பிசையப் பிசைய அந்த இழைகள் வலுவாகும். பிரெட்டுக்கு இந்த வலு கட்டாயம் வேண்டும், ஈஸ்ட் மெதுவாக வெளியிடும் வாயுவை மணிக்கணக்கில் பிடித்துவைப்பது அதுதான். ஸ்கோனிலோ வாயு ஓவனுக்குள் சில நிமிடங்களிலேயே கிளம்பி முடிந்துவிடும். இழைகள் இறுகிப்போயிருந்தால் அவற்றைத் தள்ளிக்கொண்டு மாவு மேலெழ நேரமே கிடைக்காது.

ஆகவே பாலை ஊற்றியதும் கையை உள்ளே விட்டுப் பிசையாதீர்கள். மழுங்கிய கத்தி ஒன்றை எடுத்து, கிண்ணத்தைச் சுழற்றியபடி மாவை வெட்டி வெட்டிக் கிளறுங்கள். உலர்ந்த மாவு கண்ணில் படுவது நின்றதும் கத்தியைக் கீழே வைத்துவிடலாம். மாவு கரடுமுரடாக, விரலில் லேசாக ஒட்டும்படி இருக்கும், இருக்கவும் வேண்டும். அதை மாவு தூவிய பலகையில் கவிழ்த்து, உள்ளங்கையால் மெல்லத் தட்டி, பாதியாக மடித்து, மறுபடி தட்டுங்கள். இப்படி இரண்டு மூன்று மடிப்பு போதும். வெந்த ஸ்கோன் நடுவில் தானாகப் பிளந்துகொண்டு நிற்பதற்கு இந்த மடிப்புகள்தான் காரணம். பூரிக்கட்டை தேவையே இல்லை.

ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மாவு சேர்ப்பது இன்னொரு தவறு. ஈரம்தான் ஆவியாகி ஸ்கோனைத் தூக்குகிறது. 250 கிராம் மைதாவுக்கு 60 கிராம் வெண்ணெய், 30 கிராம் சர்க்கரை, 3 டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூன் உப்பு, சுமார் 140 மில்லி பால் என்ற அளவு எனக்குப் பிடித்தது. மாவுக்கு மாவு உறிஞ்சும் தன்மை மாறும் என்பதால் ஒன்றிரண்டு ஸ்பூன் பாலைக் கடைசியில் சேர்க்க ஒதுக்கி வையுங்கள். மைதாவைக் கப்பில் அளப்பதைவிடத் தராசில் நிறுப்பதே நல்லது. ஸ்பூனால் அள்ளி நிரப்பிய ஒரு கப் 125 கிராம் என்றால், அதே கப்பை மாவுக்குள் அழுத்தி அள்ளும்போது 150 கிராம்வரை போய்விடும். இரண்டு கப் போட்டால் 50 கிராம் கூடிவிடுகிறது.

அடுத்தது, பாலுக்கு முன்பே மாவில் சேர்க்கும் வெண்ணெய். கேக்குக்கு மென்மையாக வேண்டும் என்பதால் இதற்கும் வெளியில் எடுத்து வைத்துவிடுகிறோம். ஸ்கோனுக்கு அது ஃபிரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்ததாக இருக்க வேண்டும். கடினமான வெண்ணெய் சின்னச் சின்னத் துணுக்குகளாக மாவில் தங்குகிறது. ஓவன் சூட்டில் துணுக்கு உருகியதும் அந்த இடத்தில் ஒரு குழி. வெண்ணெயில் 16 சதவீதம்போல நீரும் உண்டு. அது ஆவியாகி அந்தக் குழியை விரிக்கிறது. முன்பே உருகிவிட்ட வெண்ணெய் மாவோடு கலந்து எண்ணெய்ப்பசையாகிவிடும், குழி விழ வழியில்லை.

உள்ளங்கைச் சூடே வெண்ணெயை உருக்கப் போதும். அதனால் விரல் நுனிகளால் மட்டும் தொடுங்கள். மாவோடு துணுக்குகளை அள்ளி, கட்டைவிரலை மற்ற விரல் நுனிகளின்மேல் ஓட்டியபடி உயரத்திலிருந்து உதிர விடுங்கள். பிரெட் தூள் மாதிரி ஆனால் சரி. நடுவே பட்டாணி அளவில் சில துண்டுகள் கிடந்தால் இன்னும் நல்லது. மாவு மஞ்சளித்துக் கட்டி சேரத் தொடங்கினால் வெண்ணெய் உருகுகிறது என்று அர்த்தம். கிண்ணத்தோடு ஃபிரிட்ஜில் 15 நிமிடம் வைத்துவிட்டுத் தொடருங்கள். சமையலறை வெப்பமாக இருந்தால் வெண்ணெயை ஃப்ரீசரில் உறைய வைத்து நேராக மாவுக்குள் துருவிவிடலாம். எனக்குத் தெரிந்து இதைவிட எளிய வழி இல்லை.

ஸ்காட்லாந்தில் தோன்றிய காலத்தில் ஸ்கோன் தட்டையானது. பெரும்பாலும் ஓட்ஸ் மாவில் தட்டி, இரும்புக் கல்லில் சுட்டார்கள். 1843-இல் பர்மிங்காமில் ஆல்ஃபிரெட் பேர்ட் என்ற மருந்தாளர், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக ஒரு பேக்கிங் பவுடரை உருவாக்கினார். இன்று நாம் எதிர்பார்க்கும் உயரம் அந்த வகைப் பவுடர் தந்ததுதான். ஆகவே அலமாரியில் எப்போதோ திறந்து வைத்த டப்பாவை நம்பி இறங்காதீர்கள். அரை டீஸ்பூன் பவுடரைக் கொஞ்சம் வெந்நீரில் போட்டுப் பாருங்கள். உடனே சீறிப் பொங்கவில்லை என்றால் புது டப்பா வாங்குங்கள்.

பேக்கிங் பவுடர் இல்லையென்று அதே அளவு பேக்கிங் சோடாவைப் போடுவது பெரிய தவறு. சோடா பல மடங்கு வீரியமானது, வேலை செய்யப் புளிப்பும் வேண்டும். புளிப்பில்லாமல் போட்டால் ஸ்கோன் மஞ்சள் பாரித்து சோப்பு வாடை அடிக்கும். பாலுக்குப் பதில் புளித்த மோர் ஊற்றுவதாக இருந்தால் மட்டும் கால் டீஸ்பூன் சோடா சேர்த்து, பவுடரை ஒரு டீஸ்பூன் குறைத்துக்கொள்ளுங்கள்.

பலரும் கவனிக்காத இடம் தடிமன். ஒரு சென்டிமீட்டருக்குத் தட்டிவிட்டு உயரவில்லையே என்று வருந்திப் பயனில்லை. வெட்டும்போதே மாவு இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். ஸ்கேல் வைத்துப் பார்த்தாலும் தப்பில்லை.

கட்டரை மாவில் தோய்த்து நேராக அழுத்தி நேராகத் தூக்குங்கள். திருகினால் வெட்டுப்பட்ட ஓரம் நசுங்கி ஒட்டிக்கொள்ளும். ஸ்கோன் ஒரு பக்கம் சாய்ந்தபடி வேகும். விளிம்பு மழுங்கிய டம்ளரிலும் இதே சங்கடம்தான். கூர்மையான கத்தியால் சதுரமாக வெட்டுவதையே நான் சிபாரிசு செய்வேன். ஓரம் சுத்தமாக விழும், மிச்ச மாவும் இருக்காது. மிச்சத்தைத் திரட்டிப் பிசைந்து வெட்டுகிற ஸ்கோன் எப்போதும் முதல் சுற்றைவிடக் கெட்டியாகத்தான் வரும்.

மேலே பாலோ முட்டையோ தடவும்போது பக்கங்களில் வழிய விடாதீர்கள். வழிந்தது சூட்டில் இறுகி ஓரத்தைக் கட்டிப்போட்டுவிடும். ட்ரேயில் ஸ்கோன்களை ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் நெருக்கமாக வைத்தால் அகலத்தில் பரவாமல் மேல்நோக்கி எழும்.

ஓவன் 220 டிகிரி செல்சியஸ், ஃபேன் ஓடும் ஓவன் என்றால் 200. பாலை ஊற்றுவதற்கு முன்பே ஓவனைப் போட்டுவிடுங்கள். இருபது நிமிடமாவது சூடேற வேண்டும். சூடு குறைவாக இருந்தால் மாவு இறுகுமுன் வெண்ணெய் உருகி வழிந்து ஸ்கோன் பரந்துவிடும். 12 முதல் 15 நிமிடத்தில் வெந்துவிடும். முதல் பத்து நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். மேற்புறம் பொன்னிறமானதும் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள், அடியும் சிவந்திருந்தால் எடுத்துவிடலாம்.

மெத்தென்ற மேலோடு வேண்டுமென்றால் சூட்டோடு சுத்தமான துணியில் மூடி வையுங்கள். மொறுமொறுப்பு வேண்டுமென்றால் கம்பி வலைமேல் ஆற விடுங்கள். மறுநாளுக்கு ஸ்கோன் உலர்ந்துவிடும் என்பதால் தேவைக்கு அதிகமாகச் சுட வேண்டாம். வெட்டிய மீதியைச் சுடாமலே ஃப்ரீசரில் வைத்து, வேண்டியபோது உறைந்தபடியே ஓவனில் வைக்கலாம். மூன்று நான்கு நிமிடம் கூடுதலாக ஆகும்.