மிடில்டன் மர்ரியோட கடிதங்களை எப்படி படிக்கறது, எங்க ஆரம்பிக்கறது

ஜான் மிடில்டன் மர்ரின்னா சிறுகதை எழுத்தாளர் கேத்தரின் மேன்ஸ்ஃபீல்டோட வீட்டுக்காரர்னு மட்டும்தான் பலருக்கு தெரியும். ஆனா ஆக்ஸ்ஃபோர்ட்ல படிச்சிட்டு இருக்கும்போதே 1911ல ரிதம்னு ஒரு பத்திரிகை ஆரம்பிச்சவர் அவர். 1919ல இருந்து 1921 வரைக்கும் லண்டன்ல அதீனியம் வாரப்பத்திரிகைக்கு எடிட்டர், 1923ல அடெல்ஃபின்னு இன்னொரு பத்திரிகை ஆரம்பிச்சார். கவிஞர் டி. எஸ். எலியட்டை அதீனியத்துக்கு துணை எடிட்டரா வாங்கன்னு கூப்பிட்டுப் பார்த்தார், எலியட் பேங்க் வேலையே போதும்னு இருந்துட்டார். இப்படி ஒரு ஆளும் மேன்ஸ்ஃபீல்டும் ஒருத்தருக்கொருத்தர் எழுதிக்கிட்ட கடிதத்துல வீட்டு விஷயம், ஆபீஸ் விஷயம், காசு, காய்ச்சல், காதல் எல்லாம் ஒரே பக்கத்துல கலந்து கிடக்கும், அதனால கடிதத்தை மட்டும் தனியா படிச்சா பாதிதான் புரியும், அந்த வாரத்து பத்திரிகையையும் பக்கத்துல வச்சுக்கிட்டு படிக்கணும். நான் சொல்ல வர்றதே இதுதான்.

முதல்ல எந்த பதிப்புன்னு பாத்துக்கோங்க, இது ரொம்ப முக்கியம். மேன்ஸ்ஃபீல்ட் 1923 ஜனவரில இறந்து போனாங்க. என் காகிதங்களை முடிஞ்ச அளவுக்கு கிழிச்சு எரிச்சிடுங்க, கொஞ்சமா வெளியிடுங்கன்னு அவங்க மர்ரிகிட்ட கேட்டிருந்தாங்க. அவர் 1928லயே அவங்க கடிதங்களை ரெண்டு வால்யூமா கொண்டு வந்துட்டார், நெறைய வெட்டித்தான். 1951ல தனக்கு எழுதின கடிதங்களை இன்னும் முழுசா போட்டார். அதனால பழைய பதிப்பு கையில கிடைச்சா, இது எடிட்டர் கை பட்ட பிரதின்னு நினைச்சுக்கிட்டே படிங்க. மேன்ஸ்ஃபீல்ட் கடிதங்கள் முழுசா வேணும்னா வின்சென்ட் ஓ'சல்லிவனும் மார்கரெட் ஸ்காட்டும் சேர்ந்து 1984ல இருந்து 2008 வரைக்கும் கொண்டு வந்த அஞ்சு வால்யூம்தான். மர்ரி மேன்ஸ்ஃபீல்டுக்கு எழுதினது தனி புத்தகமா 1983லதான் வந்துச்சு, சி. ஏ. ஹாங்கின் தொகுத்தது. இந்த ரெண்டையும் திறந்து வச்சுக்கிட்டு தேதி வாரியா மாத்தி மாத்தி படிங்க, ஒரு பக்கத்தை மட்டும் படிச்சா மர்ரி மேல அநியாயத்துக்கு கோவம் வரும்.

அடுத்தது தேதி. ஒரு நோட்டுல கோடு போட்டு மூணு பத்தியா பிரிச்சுக்கோங்க: எழுதின நாள், கைக்கு கிடைச்ச நாள், அதுக்கு பதில் எழுதின நாள். கிடைச்ச நாள் எங்கயும் தனியா எழுதியிருக்காது, 'உன் ரெண்டு கடிதமும் இப்பதான் வந்துச்சு'ங்கற மாதிரி வரிகள்ல இருந்து நீங்களாதான் புடிக்கணும். 1918 ஜனவரில மேன்ஸ்ஃபீல்ட் உடம்பு சரியில்லாம பிரான்ஸ்ல பந்தோல் ஊருக்கு போறாங்க, மர்ரி லண்டன்ல வார் ஆபீஸ்ல, அதாவது போர்த்துறை அலுவலகத்துல வேலை. முதல் உலகப்போர் நேரம், தபால் லேட்டாகும், பிப்ரவரில அவங்க இருமும்போது ரத்தம் வருது, அதை எழுதி அனுப்பறாங்க, அது போய் சேர்றதுக்குள்ள அவர் வேற ஏதோ சந்தோஷமா எழுதின கடிதம் அவங்ககிட்ட வந்து நிக்குது. இந்த மூணு பத்தி இல்லாம படிச்சா 'என்ன மனுஷன் இவன், கொஞ்சம் கூட அக்கறை இல்லையே'ன்னு தோணும். நோட்டை பாத்தா தெரியும், அவருக்கு அப்ப விஷயமே தெரியாது.

இப்ப பத்திரிகையை சேர்த்து படிக்கற இடம். 1919 இலையுதிர் காலத்துல மேன்ஸ்ஃபீல்ட் இத்தாலில ஒஸ்பெடலெத்திங்கற கடலோர ஊர்ல இருந்துக்கிட்டு அதீனியத்துக்கு வாராவாரம் நாவல் விமர்சனம் எழுதி அனுப்பினாங்க, அதாவது புருஷன்தான் எடிட்டர். விர்ஜினியா வுல்ஃபோட ரெண்டாவது நாவல் விமர்சனத்துக்கு வருது. நவம்பர் 10ம் தேதி மர்ரிக்கு எழுதின கடிதத்துல, போர்னு ஒண்ணு நடக்கவே இல்லங்கற மாதிரி வுல்ஃப் எழுதியிருக்காங்க, இது ஆன்மாவுலயே இருக்கற பொய்னு மேன்ஸ்ஃபீல்ட் கொதிக்கறாங்க. நவம்பர் 21 இதழ்ல அச்சானதை எடுத்து பாருங்க, அங்க அதே நாவல் ஆடாம அசையாம துறைமுகத்துக்கு வர்ற கப்பலா மாறிடுது. மரியாதையான வார்த்தைதான், ஆனா கடிதத்தை படிச்சிட்டு வந்தா அந்த மரியாதைக்கு கீழ இருக்கற கோவம் நல்லா கேக்கும். எனக்கு இந்த ரெண்டு தேதிக்கு நடுவுல இருக்கற பதினோரு நாள் மாதிரி இலக்கியப் பத்திரிகை உலகத்தை சொல்லித் தர்ற இடம் வேற இல்ல. அவங்க விமர்சனங்களை மர்ரியே 1930ல புத்தகமா போட்டார், அதனால பழைய இதழ் கிடைக்கலன்னாலும் ஒப்பிட்டு பாக்கலாம். ரிதம் இதழ்கள் மாடர்னிஸ்ட் ஜர்னல்ஸ் ப்ராஜெக்ட்ங்கற இணையதளத்துல ஸ்கேன் பண்ணி இலவசமா இருக்கு.

செல்லப்பேரு குழப்பும், சின்ன லிஸ்ட் எழுதி ஒட்டிக்கோங்க. போகின்னா மர்ரி, விக்னா மேன்ஸ்ஃபீல்ட், எல்.எம்.னா அவங்க தோழி ஐடா பேக்கர், காட்னா அவங்க நண்பர் கோடெலியான்ஸ்கி.

கடிதமே இல்லாத மாசங்களை சண்டைன்னு நினைச்சுடாதீங்க, பெரும்பாலும் ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்காங்கன்னு அர்த்தம். 1921 பிற்பாதில சுவிட்சர்லாந்துல ஒண்ணா இருந்தாங்க, அதான் அங்க கடிதம் கம்மி.

கையெழுத்துப் பிரதி பாக்கணும்னா நியூசிலாந்துல வெலிங்டன்ல அலெக்சாண்டர் டர்ன்புல் நூலகம்தான். மேன்ஸ்ஃபீல்ட் கையெழுத்து பயங்கரம், முதல்ல அச்சுல படிச்சு மனசுல ஏத்திக்கிட்டு அப்புறம் ஒரிஜினலை பாருங்க. அங்க இருக்கறதை உங்க கட்டுரைல போடறதா இருந்தா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, பேப்பர் நூலகத்தோடது, ஆனா காப்பிரைட் வேற ஆள்கிட்ட இருக்கலாம், ரெண்டு பேர்கிட்டயும் விசாரிச்சுட்டு போடுங்க.

எங்க ஆரம்பிக்கறதுன்னு கேட்டா 1919 அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் எடுங்க. வுல்ஃப் விஷயம் இருக்கு, டிசம்பர் ஆரம்பத்துல மேன்ஸ்ஃபீல்ட் 'புது புருஷன்'னு மனசை அறுக்கற ஒரு கவிதையை எழுதி மர்ரிக்கே அனுப்பறது இருக்கு, கிறிஸ்மஸுக்கு அவர் இத்தாலிக்கு கிளம்பி போறதும் இருக்கு.