விடியற்காலைக் கடற்கரைப் படங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூரிய உதய நேரத்தைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டு, அந்த நேரத்துக்குச் சரியாகக் கடற்கரையில் போய் நிற்பதுதான் புதிதாகப் படம் எடுக்கத் தொடங்குபவர்களின் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன. சூரியனைப் படம் எடுக்கப் போகிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் நாம் எடுக்க வேண்டியது அது வருவதற்கு முன்பு வானத்திலும் ஈர மணலிலும் நடப்பதை. நம் கிழக்குக் கரையில் கீழ்வானம் வெளுக்கத் தொடங்குவது உதயத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பே. மேகங்களின் அடிப்புறம் சிவந்து, அந்தச் சிவப்பு உச்சத்துக்குப் போய், சூரியன் தலைகாட்டும்போது பெரும்பாலும் வடிந்துவிட்டிருக்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாகவே மேலேறுகிறது; ஆகவே ஐரோப்பியக் கலைஞர்களின் காணொளிகளில் நெடுநேரம் நீடிக்கும் அந்த மெல்லொளி நமக்குச் சுமார் 25 நிமிடங்கள்தான் கிடைக்கும். சென்னையில் மே இறுதியில் உதயம் 5.42 அளவில் என்றால், 4.50க்கெல்லாம் டிரைபாட் மணலில் ஊன்றப்பட்டிருக்க வேண்டும். ஜனவரி இறுதியில் உதயம் 6.35 வரை தள்ளிப்போவதால் சற்றுக் கூடுதலாகத் தூங்கலாம்.

திசையைக் கணக்கில் எடுக்காததும் இதே வகைத் தவறு. ஜூனில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து ஏறக்குறைய 24 பாகை வடக்கே தள்ளியும், டிசம்பரில் அதே அளவு தெற்கே தள்ளியும் உதிக்கிறது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலை வடபுற மணலில் நின்று பார்ப்பவருக்கு டிசம்பர்ச் சூரியன் கோயிலை நெருங்கி வரும். ஜூனிலோ வெகுதூரம் விலகிப்போய் ஒரே சட்டகத்துக்குள் அடங்காது. அந்த வளாகம் காலை 6 மணிக்குத்தான் திறக்கும் என்பதையும், தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களுக்குள் டிரைபாட் பயன்படுத்த முன் அனுமதி வேண்டும் என்பதையும் வாசலுக்குப் போன பிறகு தெரிந்துகொள்வதில் பயனில்லை.

முந்தைய நாள் மாலையே இடத்தைப் பார்த்து வைக்காதவர்கள் இருட்டில் அகப்பட்ட இடத்தில் நின்றுவிடுகிறார்கள். அப்படி எடுக்கும் படத்தில் கீழே மணல், நடுவே கடல், மேலே ஓர் ஆரஞ்சு உருண்டை, இவ்வளவுதான் இருக்கும். பார்ப்பவரின் கண் ஊன்றிக்கொள்ள முன்புறத்தில் ஏதாவது வேண்டும்: பாசி படிந்த ஒரு கல், கரைவலைக் கயிறு, நண்டுகள் வளையைச் சுற்றி உருட்டி வைத்த மணல் உருண்டைகள். இந்த உருண்டைகளைக் குனிந்து பார்த்தால், வளையை நடுவாக வைத்து அவை கதிர்கதிராகப் பரந்திருப்பது தெரியும். சாய்ந்து விழும் முதல் ஒளியில் ஒவ்வொன்றுக்கும் தனி நிழல் உண்டு. ஆனால் அதைக் கவனிப்பதற்கு முன்பே நம் செருப்புத் தடங்கள் அதன்மீது குறுக்கும் நெடுக்குமாகப் பதிந்திருக்கும். அலை வந்து அழித்துவிடும் ஓரத்தில் மட்டுமே நடந்து பழகினால் இந்த இழப்பு நேராது.

லென்ஸில் நீர் பூப்பது நம் கடற்கரைக்கே உரிய தொல்லை. ஒரு முறை தரங்கம்பாடியில், குளிரூட்டிய அறையிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு நேரே டேன்ஸ்போர்க் கோட்டைக்கு முன்னுள்ள கரைக்குப் போய்விட்டேன். 1620இல் எழுந்த அந்த மதில் நீல ஒளியில் நின்றிருக்க, என் லென்ஸில் மூச்சுவிட்ட கண்ணாடிபோல் வெண்படலம். துடைத்தேன், மறுநொடியே மீண்டும் படிந்தது. அது விலகக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று, அதற்குள் வானத்தில் இருந்த நிறமெல்லாம் போய்விட்டது. குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்று படுவதுதான் காரணம் என்பதால், துடைப்பது இதற்கு மருந்தாகாது. பையை முந்தைய இரவே குளிரூட்டி இல்லாத இடத்தில் வைத்துவிட வேண்டும். உப்புத் துளிகளுக்கோ துடைப்பது வேண்டும்தான். ஆனால் முதலில் ஊதுகுமிழால் மணலை அகற்றாமல் துணியை வைத்தால் கண்ணாடியில் கீறல் விழுந்துவிடும்.

டிரைபாடை ஈர மணலில் சும்மா வைத்துவிட்டு, ஷட்டரை நெடுநேரம் திறந்து வைக்கும் நீண்ட எக்ஸ்போஷர் எடுப்பது வீண். பின்வாங்கும் அலை காலடியில் உள்ள மணலை அரித்துச் செல்ல, டிரைபாட் சிறிது சிறிதாக இறங்கிக்கொண்டே இருக்கும். அந்தப் படத்தில் எதுவும் கூர்மையாக இராது. மூன்று கால்களையும் அழுத்தி ஊன்றி, இரண்டு அலைகள் வந்துபோகும்வரை காத்திருந்து, பிறகு தொடுவானத்தின் மட்டத்தைச் சரிபார்க்க வேண்டும். அலையைப் பஞ்சுபோல் ஆக்க 30 நொடிகள் திறந்து வைக்கும் மோகமும் பலரைப் பிடித்திருக்கிறது. என் கருத்தில், கால் நொடி முதல் ஒரு நொடி வரை வைத்து, அலை பின்வாங்கத் தொடங்கும் கணத்தில் அழுத்தினால் நீர் இழுத்துச்செல்லும் கோடுகள் கிடைக்கும். கடல் கடலாகவே தெரியும். வானத்துக்கும் கல்லுக்கும் ஒளி வேறுபாடு மிகுதி என்பதால், வானத்துக்கு ஒன்று, நிலத்துக்கு ஒன்று என இரண்டு மூன்று ஒளி அளவுகளில், கேமரா பதிந்த தரவைச் சுருக்காமல் வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்து வைப்பது நல்லது. டிஎஸ்எல்ஆர் கேமராவில் நீண்ட லென்ஸைப் பூட்டிக்கொண்டு, கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வழியே சூரியனை உற்றுப் பார்க்கவே கூடாது. கண்ணுக்கு நிரந்தரக் கேடு வரும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு கடலுக்கு முதுகைக் காட்டுவது. ஒரு விடியலில், கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கற்களைக் கொட்டி அமைத்த தூண்டில் வளைவின்மீது ஏறி நின்றிருந்தேன். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வழியே வந்த மீனவப் பெரியவர் ஒருவர், “தம்பி, கல்லு நனைஞ்சிருக்குது பாரு, அதுவரைக்கும் அலை வரும். இறங்கி வா” என்றார். அன்றிலிருந்து காய்ந்த கல்லைத் தவிர வேறெங்கும் நான் நிற்பதில்லை. கன்னியாகுமரிப் பகுதியில் கள்ளக்கடல் என்றொன்று உண்டு: தெற்கே வெகுதொலைவில் எழுந்த அலைவீக்கம், இங்கே காற்றோ மழையோ இல்லாத நாளிலும் திடீரெனக் கரையேறும். ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம் வெளியிடும் எச்சரிக்கையை முந்தைய இரவே பார்த்துவிட வேண்டும்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடவும் குஞ்சுகள் கடலுக்குத் திரும்பவும் செய்யும் கரைகளில் வெள்ளை டார்ச்சை வீசி நடக்கக் கூடாது. குஞ்சுகள் ஒளியை நோக்கித் திசைமாறிப் போய்விடும். மங்கலான சிவப்பு விளக்கைத் தரையை நோக்கிப் பிடித்தால் நமக்கு வழி தெரியப் போதும். காயப்போட்ட வலைகளை மிதிப்பதும், மீன் பிரிக்கும் பெண்களைக் கேட்காமல் படம் எடுப்பதும் கூடாது. அது அவர்கள் தொழில் செய்யும் இடம்.

சூரியன் மேலேறியதும் மூட்டையைக் கட்டிவிடுகிறவர்கள் ஒரு முறை திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தத் தாழ்ந்த மஞ்சள் ஒளி அப்போது முழுவதும் கரைமேல்தான் விழுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் துறைமுகத்துக்குப் போனால், கட்டிப்போட்ட விசைப்படகுகள் வரிசையாக நிற்கும். புதிதாகப் பூசிய நீலமும் பச்சையும் அந்த ஒளியில் மினுங்கும்.