கல்லடிப் பாலத்துக் கால்களோடு எரிமலைக் காட்டில் ஓடுவது எப்படி?

மட்டக்களப்பில் ஓடிப் பழகியவர்களுக்கு ஏற்றம் என்றால் கல்லடிப் பாலம்தான். 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலமும் 2013இல் திறந்த புதிய பாலமும் அருகருகே நிற்கின்றன. அதில் ஏறுவதற்கே மூச்சு வாங்குவோம். மிச்சமெல்லாம் கடற்கரை, வாவிக்கரை, வயல் வரம்பு.

அந்தக் கால்களோடுதான் ஜேர்மனியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். அவர்கள் இருப்பது பொன் நகரத்துக்குப் பக்கத்தில் (பெயர்தான் பொன், விலைவாசியும் அப்படித்தான்). ரைன் ஆற்றங்கரையில் காடு மூடிய குன்றுகள் கூட்டமாக நிற்கும். சீபன்கெபிர்க என்று பெயர். 'ஏழு மலை' என்று அர்த்தம், எண்ணினால் நாற்பதுக்கு மேல் வரும். சுமார் இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைகள் குமுறிய நிலம் அது. எல்லாவற்றிலும் உயரமான பெரிய ஓல்பெர்க்கே 460 மீற்றர்தான். இதெல்லாம் ஒரு மலையா என்று நினைத்து, வரைபடத்தில் 9 கிலோமீற்றர் பாதை ஒன்றைப் பார்த்து, "ஒரு மணித்தியாலத்தில வந்திடுவன் அத்தான்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். திரும்பி வர ஒன்றேமுக்கால் மணித்தியாலம். காற்சட்டையின் பின்பக்கம் முழுக்கச் சேறு. அத்தான் காருக்குள் நல்ல நித்திரை.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அந்தக் குன்றுகளிலேயே பாதை போட்டு ஓடிப் பழகினேன். அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். சொந்தக்காரர் வீட்டுக்கு அந்தப் பக்கம் போகிறவர்களுக்கும், அங்கேயே இருந்தும் காட்டுக்குள் ஓடிப் பார்க்காதவர்களுக்கும் உதவும்.

படி 1: தூரத்தோடு ஏற்றத்தையும் கூட்டுங்கள்

நான் செய்த பெரிய பிழை இதுதான். சமதரையில் ஓடுகிறவன் தூரத்தை மட்டும் பார்ப்பான். மலையில் ஏற்றமும் தூரம்தான்.

வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்து மலையேறி 1892இல் ஒரு கணக்குச் சொன்னார். நடக்கும்போது மூன்று மைலுக்கு ஒரு மணித்தியாலம், அதோடு ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணித்தியாலம். இதை மீற்றரில் போட்டுப் பார்த்தால் 100 மீற்றர் ஏறுவது சமதரையில் சுமார் 800 மீற்றர் போவதற்குச் சமம். காட்டுத் தரை, பழகாத கால் என்பதால் நான் அதை 1 கிலோமீற்றர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

என்னுடைய அந்த 9 கிலோமீற்றர் பாதையில் மொத்த ஏற்றம் 420 மீற்றர். அப்படியென்றால் உண்மையில் 13 கிலோமீற்றருக்கு மேல். கல்லடியில் நான் ஒரு கிலோமீற்றரை ஆறரை நிமிடத்தில் ஓடுகிறவன். பெருக்கினால் 85 நிமிடம். மிச்ச 20 நிமிடம் சேற்றிலும் வழி தவறியதிலும் போனது.

மொத்த ஏற்றம் என்பது மலையின் உயரம் அல்ல. ஒரு குன்றில் ஏறி, இறங்கி, அடுத்ததில் ஏறினால் இரண்டு ஏற்றத்தையும் கூட்ட வேண்டும். பள்ளிக்கூடத்தில் புவியியல் பாடத்தில் படித்த சமவுயரக் கோடுகள் இங்கேதான் உதவுகின்றன. கோடுகள் நெருங்கி இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் சாய்வு. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் தரவை வைத்து இயங்கும் செயலிகள் பலவற்றில் பாதையைக் கீறியதுமே மொத்த ஏற்றத்தைக் காட்டிவிடும். முதல் மாதம் 150 மீற்றரைத் தாண்ட வேண்டாம்.

படி 2: காலுக்குக் கீழே என்ன கல் என்று பாருங்கள்

எரிமலை நிலத்தில் இது மிக முக்கியம். அங்கே முதலில் பரந்த சாம்பல் படை விழுந்தது. பிறகு உருகிய பாறைக் குழம்பு கீழிருந்து தள்ளி வந்து, பல இடங்களில் வெளியே வராமல் அந்தச் சாம்பலுக்குள்ளேயே இறுகிவிட்டது. காலப்போக்கில் மென்மையான சாம்பல் கரைந்துபோக, கடினமான கல் குன்றாக மிஞ்சியது. ட்ராகென்ஃபெல்ஸ் என்ற 321 மீற்றர் குன்று அப்படி வந்ததுதான். கொலோன் பேராலயத்துக்கே அங்கிருந்து கல் வெட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ஓடுகிறவருக்கு இதில் என்ன? குன்றின் உச்சிப் பக்கம் கல் சொரசொரப்பாக இருக்கும், சப்பாத்து நன்றாகப் பிடிக்கும். ஓல்பெர்க் மாதிரிப் பசால்ட் (கறுத்த எரிமலைக் கல்) குன்றுகளில் உடைந்த கற்கள் உருளும், கணுக்கால் கவனம். இரண்டுக்கும் இடையே, சாம்பல் படை உக்கிக் களியாகிப்போன சரிவுகள்தான் பொல்லாதவை. மழை பெய்தால் சவர்க்காரம். மேலே இலைச் சருகு மூடியிருப்பதால் கண்ணுக்கும் தெரியாது. நான் இருந்து எழும்பியது அங்கேதான்.

ஆகவே செங்குத்தான ஒற்றையடிப் பாதையால் ஏறி, அகலமான காட்டுச் சாலையால் இறங்குமாறு வட்டத்தைப் போடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்து முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

"அப்போ எங்கட குடும்பிமலையும் எரிமலையா?" என்று ஒரு தம்பி கேட்டான். இல்லை. அது கோடிக்கணக்கான ஆண்டுகள் பழைய உருமாறிய பாறை, சுற்றியிருந்தது தேய்ந்துபோய் மிஞ்சிய திட்டு. அம்பாறை மாவட்டத்தில் மகாஓயா வெந்நீர்க் கிணறுகளைப் பார்த்தவர்களுக்கும் இந்தச் சந்தேகம் வரும். மழைநீர் வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்கி, சூடாகித் திரும்பி வருகிறது, அவ்வளவுதான்.

படி 3: மூன்று பாதை, இதே ஒழுங்கில்

முதலில் லாஹர் ஏரி. பொன்னிலிருந்து தெற்கே காரில் ஒரு மணித்தியாலத்துக்குள் போகலாம். ஏறக்குறைய 13,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் பள்ளத்தில் நிரம்பிய ஏரி. சுற்றிவரக் காட்டு மேடு, கரையோரப் பாதை மட்டும் கிட்டத்தட்டச் சமம், ஒரு சுற்று சுமார் 8 கிலோமீற்றர். வாவிக்கரையில் ஓடினவர்களுக்குப் பழகின மாதிரியே இருக்கும், வேரும் கல்லும்தான் புதுசு. 1093இல் தொடங்கிய மடாலயத்தின் பக்கமிருந்து ஓடத் தொடங்கினேன். கிழக்குக் கரையில் கொஞ்சம் நின்று தண்ணீரைப் பாருங்கள், சோடாப் போத்தல் மாதிரிக் குமிழி வரும். கீழே இன்னும் அடங்காத எரிமலையின் காபனீரொட்சைட்டு அது.

இரண்டாவது, ட்ராகென்ஃபெல்ஸ். கோனிக்ஸ்வின்டர் ஊரின் ஆற்றங்கரையிலிருந்து உச்சிக்குச் சுமார் 270 மீற்றர் ஏற்றம். பாதி வழிதான் முதல் நாள் இலக்கு. ட்ராகென்பூர்க் மாளிகைக்குப் பக்கத்தில் பற்சக்கர ரயில் நிற்கும், 1883இலிருந்து ஓடுகிற ரயில். ஏறி ஓடிவிட்டு ரயிலில் இறங்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. இறக்கம்தான் தொடையைக் கொல்லும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

மூன்றாவது, ஓல்பெர்க். அடிவாரத்திலிருந்து தொடங்காதீர்கள். மார்கரேத்தன்ஹோஹ என்ற மேட்டுக் கணவாய் வரை வாகனத்தில் போனால் உச்சிக்கு நூறு மீற்றருக்குச் சற்றுமேல்தான் ஏற்றம். வழிகாட்டி அடையாளங்கள் மரங்களிலேயே இருக்கும். நீல நிறத்தில் வெள்ளை வளைவு போட்டது ரைன்ஸ்டைக் நெடும்பாதை, அது 320 கிலோமீற்றர் போகும். மறந்துபோய் அதன் பின்னாலேயே ஓடிவிடாதீர்கள்.

படி 4: ஊரில் பழகுவது

பாலத்தில் ஏறி இறங்குவதைப் பத்துத் தடவை செய்யுங்கள், காலை ஐந்தரைக்கு வாகனம் குறைவு. வாரத்தில் ஒரு நாள் கல்லடிக் கடற்கரையின் இளகிய மணலில் 20 நிமிடம், கெண்டைக்கால் இறுகும். இறக்கத்துக்குக் குளக்கட்டுச் சரிவுதான் சரி. உன்னிச்சைப் பக்கம் பகலில் போய்ச் செய்தேன்.

வைகாசி தொடங்கினால் கச்சான் காற்று தீய்க்கும். அந்த மாதங்களில் ஏழு மணிக்குமேல் ஓடவே வேண்டாம். ஓடி முடித்து ஒரு பொட்டலம் கச்சான் சாப்பிடலாம், அது வேறு கச்சான், நிலக்கடலை.

குடும்பிமலைப் பக்கம் மட்டும் விடியலில் தனியாக ஓடாதீர்கள். ஒருமுறை தரவையில் மாடு மேய்க்கும் ஐயா ஒருவர் என்னை மறித்தார். "மனே, இந்த நேரத்தில ஓடுறது நீ மட்டுமில்ல, ஆனையும் ஓடும்." அப்படியே திரும்பிவிட்டேன்.

படி 5: ஏறும் முறை, இறங்கும் முறை

ஏறும்போது பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் நடங்கள். கைகளைத் தொடையில் ஊன்றி, சின்ன அடியாக. செங்குத்தில் ஓடுவதும் வேகமாக நடப்பதும் நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

இறங்கும்போது பின்னால் சாய்வது இயல்பு, சறுக்குவதும் அதனால்தான். முழங்காலை மெல்ல மடித்து, உடம்பைச் சரிவோடு வைத்து, அடியைக் குறுக்கி, கண்ணை மூன்று நான்கு மீற்றர் முன்னால் வையுங்கள். இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. அதனால் நோவு அன்றைக்கு வராது, மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் வரும். எனக்கு மூன்று நாள் அக்கா வீட்டு மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்க முடிந்தது. அக்காவின் பிள்ளைகளுக்கு நல்ல பகிடி.

படி 6: புறப்படும்முன், வந்தபின்

அரை லீற்றர் தண்ணீர், கைப்பேசி, முழங்காலுக்குமேல் வருகிற காலுறை. ஜேர்மன் காடுகளில் உண்ணி அதிகம். அது லைம் நோயைக் கொண்டுவரக்கூடும். குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் தடவிப் பாருங்கள். இருந்தால் குறட்டால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள்.

வீட்டில் இருப்பவர்களிடம் போகும் பாதையையும், படி 1இல் கணக்குப் போட்ட நேரத்தோடு அரை மணித்தியாலம் கூட்டியும் சொல்லுங்கள். இப்போது நான் அப்படித்தான் சொல்கிறேன். அத்தான் காரை எடுப்பதில்லை. "66ஆம் நம்பர் ட்ராம் இருக்குத்தானே, அதில வா" என்கிறார்.