பாயைச் சுருட்டி வைத்த பிறகும் யோகா

காலையில் அரை மணி நேரம் ஆசனம் செய்துவிட்டு, பிள்ளையை ஸ்கூலுக்குக் கிளப்பும்போது தெருவுக்கே கேட்கும்படி கத்துகிறோம் என்றால், செய்த யோகா இன்னும் பாயை விட்டு இறங்கவில்லை. யோகாவுக்கு அடிப்படை நூலான பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் மொத்தம் 195 சூத்திரங்கள், அதாவது சின்னச் சின்ன வாக்கியங்கள், சில பதிப்புகளில் 196. அதில் ஆசனத்தைப் பற்றி நேராகப் பேசுபவை மூன்றுதான். திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில், அதாவது மூன்றாம் பகுதியில், எட்டு உறுப்புகள் கொண்ட அட்டாங்க யோகம் சொல்லும்போது இயமம் (பிறரோடு பழகும் ஒழுக்கம்), நியமம் (தன்னளவில் காக்கும் ஒழுக்கம்) இரண்டையும் முடித்துவிட்டுத்தான் ஆசனத்துக்கே வருகிறார். நாமும் அந்த வரிசையையே பிடித்துக்கொள்ளலாம்.

இயமத்தில் பதஞ்சலி சொல்வது ஐந்து: அகிம்சை, சத்தியம், திருடாமை, பிரம்மசரியம், தேவைக்கு மேல் சேர்க்காமை. ஐந்தையும் நாளையிலிருந்தே கடைப்பிடிக்கிறேன் என்று இறங்காதீர்கள், வாரத்துக்கு ஒன்று போதும். சத்தியத்தில் ஆரம்பிப்பது நல்லது, ஏனென்றால் எங்கே இடறுகிறோம் என்பது உடனே தெரிந்துவிடும். வீட்டில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே போனில் "வந்துட்டே இருக்கேன், பாதி வழி தாண்டியாச்சு" என்கிறோமே, அந்த ஒன்றை மட்டும் ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். "இன்னும் கிளம்பல, அரை மணி நேரம் ஆகும்" என்று சொல்ல முதலில் நாக்கு கூசும், அப்புறம் அந்தக் கூச்சத்துக்குப் பயந்தே நேரத்துக்குக் கிளம்ப ஆரம்பிப்போம். அடுத்தவரைக் காக்க வைத்து அவர் நேரத்தை எடுத்துக்கொள்வதும் திருட்டுதான் என்று யோசித்தால் திருடாமைக்கும் அதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. சேர்க்காமைக்கு ஒரு எளிய வழி: தள்ளுபடியைப் பார்த்ததும் எதையாவது வாங்கத் தோன்றினால் மூன்று நாள் தள்ளிப் போடுங்கள். அதற்குப் பிறகும் வேண்டும் என்றிருந்தால் வாங்குங்கள்.

வீட்டுக்கும் ஆபீசுக்கும் மிக அதிகமாக உதவுவது யோக சூத்திரத்தின் முதல் பாதத்தில் (அத்தியாயத்தில்) வரும் 33வது சூத்திரம் என்பேன். சந்தோஷமாக இருப்பவரிடம் நட்பு, துன்பத்தில் இருப்பவரிடம் கருணை, நல்லது செய்பவரைக் கண்டால் மகிழ்ச்சி, தீயது செய்பவரிடம் ஒட்டாமல் விலகி நிற்பது, இப்படிப் பழகினால் மனம் தெளியும் என்கிறது அது. சொந்தக்காரர் கிருகப்பிரவேசப் பத்திரிகை வைத்ததும் "எல்லாம் லோன்ல வாங்கினதுதானே" என்று உள்ளே ஒரு குரல் வரும் பாருங்கள், பயிற்சி செய்ய வேண்டிய இடம் அதுதான். அந்தக் குரலோடு சண்டை போட வேண்டாம், போனை எடுத்து அவரைக் கூப்பிட்டு மனதார இரண்டு வார்த்தை வாழ்த்திவிடுங்கள். கூட வேலை பார்ப்பவரை மேனேஜர் பாராட்டினாலும் இதேதான், அவர் செய்ததில் எது நன்றாக இருந்தது என்று குறிப்பாக அவரிடமே சொல்லுங்கள். சிக்னலில் குறுக்கே புகுந்துபோகும் பைக்காரரிடம் நான்காவதான விலகி நிற்பது, அவர் போகட்டும், வீடு வரைக்கும் அவரை மனதில் ஏற்றிக்கொண்டு வராதீர்கள். ஆனால் ஒன்று, பக்கத்து வீட்டில் ஒருவர் அடி வாங்கும்போது கண்டுகொள்ளாமல் இருப்பதற்கு இந்தச் சூத்திரத்தைச் சாக்காகச் சொல்லக் கூடாது. அடி வாங்குபவர் துன்பத்தில் இருப்பவர், அவருக்கு நாம் தர வேண்டியது கருணை, அது செயலாகத்தான் வெளிப்பட வேண்டும்.

சரி, கோபம் தலைக்கேறும் நேரத்தில் இதெல்லாம் எங்கே ஞாபகம் வரும்? அதற்குத்தானோ என்னவோ 34வது சூத்திரம் மூச்சுக்கு வந்துவிடுகிறது. மூக்கு வழியாக 4 எண்ணும் வரை இழுத்து, 6 எண்ணும் வரை விடுங்கள், ஆறேழு முறை செய்தால் போதும். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு மெல்லத் தணியும். பால் பொங்கக் காத்திருக்கும்போதும், பஸ் ஸ்டாப்பிலும், பேங்க் வரிசையிலும் செய்து பழகிவிட்டால்தான் சண்டை நேரத்தில் கைகொடுக்கும். திருமந்திரத்தில் 16 மாத்திரை (மாத்திரை என்பது ஒரு கால அளவு) இழுத்து, 64 அடக்கி, 32 விடும் கணக்கு ஒன்று வருகிறது. படித்துவிட்டுத் தனியாக முயற்சி செய்யாதீர்கள், ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டிய பயிற்சி அது. ரத்தக் கொதிப்பு, இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கவே வேண்டாம்.

ஆசனத்துக்குத் தினமும் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்து 1989இல் மறைந்த யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் அசைவையும் மூச்சையும் இணைத்தே கற்றுக்கொடுத்தார், ஆளுக்கு ஏற்ற மாதிரி பயிற்சியையும் மாற்றினார். மூச்சை இழுத்தபடி கைகளை மேலே தூக்குங்கள், விட்டபடி இறக்குங்கள், பிறகு அதே மாதிரி முன்னால் குனிந்து நிமிருங்கள். முட்டி வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து செய்யலாம். மூச்சு திணறினால் குனிவதைக் குறையுங்கள். வீடியோவில் வருபவரைப் போல வளைய வேண்டும் என்று முட்டியை நோகடிக்காமல் இருப்பதும் அகிம்சைதான்.

இரவு படுப்பதற்கு முன் இரண்டு நிமிடம், அந்த வாரத்து இயமம் இன்று எங்கே நழுவியது என்று மட்டும் பாருங்கள், திட்டிக்கொள்ள வேண்டாம். நடுவில் நான்கு நாள் விட்டுப்போனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் சேர்த்துச் செய்து ஈடுகட்டாதீர்கள். மறுநாள் காலை கையைத் தூக்கி இறக்குவதிலிருந்தே தொடங்குங்கள், எடுத்த இயமத்தை இன்னொரு வாரத்துக்கு நீட்டிக்கொள்ளுங்கள்.