புள்ளியின் எண்கள் இடம் மாறியது ஏன்?

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள், வரைபடத்தாளில் குறித்திருந்த (3, −4) என்ற புள்ளியைப் படித்து (−4, 3) என்று எழுதினாள். ஆனால் (4, −3) சரியாக வந்தது. ‘முதலில் எக்ஸ், அப்புறம் ஒய்’ என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். அதையே திரும்பச் சொல்லிப் பயனில்லை என்று, பக்கத்தில் உட்கார்ந்து அவள் படிக்கும் விதத்தைக் கவனித்தேன். எந்த அச்சு கிட்டே இருக்கிறதோ அங்கே கண் முதலில் போகிறது. அங்கிருக்கும் எண்ணையே முதலில் எழுதுகிறாள். (3, −4)க்கு ஒய் அச்சுதான் பக்கம்.

அதனால் ஸ்கேலைக் கையில் கொடுத்தேன். புள்ளியின் மேல் அதைச் செங்குத்தாக வை, கிடை அச்சை வெட்டும் எண்ணை உடனே எழுது. பிறகுதான் ஸ்கேலைக் கிடையாகத் திருப்ப வேண்டும். அச்சின் மேலேயே இருக்கும் புள்ளிகளும் இதில் தெளிவாகிவிட்டன. (0, 5)க்குச் செங்குத்தாக வைத்தால் ஸ்கேல் ஒய் அச்சோடு ஒட்டி நின்று, கிடை அச்சை 0-இல் வெட்டும்.

அடுத்து அளவுத்திட்டம். இதைப் பலரும் கவனிப்பதில்லை, மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான். 1 செ.மீ. = 5 அலகு என்றால், அதில் பத்துச் சிறு கட்டம் இருப்பதால் ஒரு சிறு கட்டம் 0.5. ஆக, 3 செ.மீ. தாண்டி 4 சிறு கட்டம் என்றால் 15 + 2 = 17. இரண்டு அச்சுக்கும் அளவு வேறாக இருக்கலாம் என்பதால், தாளின் மூலையில் எழுதியிருக்கும் அளவை முதலில் படிக்கச் சொன்னேன். இப்போது ஸ்கேல் இல்லாமலே சரியாகப் படிக்கிறாள்.