சுரங்கக் கரைக்குள் புதைந்த தண்ணீர்க் குழாய் கசிந்தால்: கரை தாங்குமா என்று கணிப்பது எப்படி?

சுரங்கத்தில் மண் நிரப்பிக் கட்டிய கரை கலங்கலாகக் கசிய ஆரம்பித்துவிட்டதா? அப்படியானால் கணக்கு அப்புறம். முதலில் பம்பை நிறுத்துங்கள், வால்வை மெதுவாக மூடுங்கள். பட்டென்று மூடினால் குழாயில் எழும் அழுத்த அலை பலவீனமான மூட்டைப் பிய்த்துவிடும். கரையடியில் இருப்பவர்களை வெளியேற்றுங்கள். கரைமேல் டம்பர் லாரி ஓடக் கூடாது. தெளிந்த நீர் வந்தால் தண்ணீர் மட்டும் வெளியேறுகிறது என்று பொருள். கலங்கல் வந்தால் கரையின் மண்ணும் கூடவே போகிறது.

அப்படி எதுவும் இல்லாதபோதும், குழாய் ஒருநாள் கசியும் என்று வைத்துக்கொண்டே மதிப்பீட்டைத் தொடங்க வேண்டும். அந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும், கண்ணில் பட எத்தனை மணி நேரம் ஆகும் என்பவைதான் நமக்குத் தெரிய வேண்டியவை.

வரைபடத்தில் குழாயின் விட்டம், ஆழம், இயங்கும் அழுத்தம், வால்வுகள், மூட்டுகள் எல்லாவற்றையும் குறியுங்கள். மூட்டு, வளைவு, நிரப்பிய மண்ணிலிருந்து கெட்டி நிலத்துக்குக் குழாய் நுழையும் இடம் மூன்றையும் சிவப்பில் காட்டுங்கள். நிரப்பிய மண் அமுங்கும், கெட்டி நிலம் அமுங்காது. அதனால் அந்த எல்லையில் குழாய் வளைந்து மூட்டு திறக்கும்.

அடுத்தது கசிவின் அளவு. 6 பார் அழுத்தத்தில் 10 மி.மீ. ஓட்டை ஒன்று இருந்தால் விநாடிக்குச் சுமார் 1.6 லிட்டர், ஒரு நாளில் ஏறக்குறைய 140 கன மீட்டர் தண்ணீர் மண்ணுக்குள் போகும். பெரிய குழாயின் மீட்டரில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. அதனால் தேவை குறைந்த இரவு நேரத்தில் உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் ஒப்பிடுங்கள்.

அந்தத் தண்ணீர் பெரும்பாலும் நேராக மேலே வராது. குழாய்க்கு அடியில் பரப்பிய மணல்தான் அதற்குச் சுலபமான வழி. குழாயின் கீழ்ப்பக்க இடுக்குகளில் மண் சரியாகக் கெட்டிப்படாததால் அங்கேயும் ஓடும். ஈரம் தெரிகிற இடத்துக்கும் ஓட்டை இருக்கிற இடத்துக்கும் வெகு தூரம் இருக்கலாம்.

கரை மண் தண்ணீரில் தானே கரையும் ரகமா என்று பாருங்கள். இயல்பான ஈரத்தோடு ஒரு சிறு கட்டியை, உலர்த்தாமல், காய்ச்சி வடித்த நீரில் மெதுவாக விட்டு ஒரு மணி நேரம் காத்திருங்கள். கட்டி வெறுமனே உடைந்து குவிந்தால் பயப்பட வேண்டியதில்லை. அதைச் சுற்றிப் பால் போன்ற மேகம் பரவினால் எச்சரிக்கை. சுரங்கத் தண்ணீரில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அதிலுள்ள உப்பு மண் கலைவதைத் தடுத்து, ஆபத்தான மண்ணையும் நல்லதாகக் காட்டும்.

இனி நிலைத்தன்மைக் கணக்கு. ஒட்டுத்தன்மை இல்லாத, உராய்வுக் கோணம் (மண்துகள்கள் ஒன்றையொன்று பிடித்து நிற்கும் உராய்வின் அளவு) 35° உள்ள மண், 1 உயரத்துக்கு 2 கிடை என்ற சரிவு, கன மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் எடை என்று கொள்வோம். சரிவுக்கு இணையான மேலோட்டமான சறுக்கலுக்கு, உலர்ந்த நிலையில் பாதுகாப்புக் காரணி (தாங்கும் விசையைச் சறுக்கும் விசையால் வகுத்தது, 1-க்குக் கீழே போனால் கரை சறுக்கும்) 1.40. சறுக்கும் அடுக்கின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஏறினால் 1.06. முழுவதும் நனைந்து சரிவுக்கு இணையாக நீர் ஓடினால் 0.71. மண் அதேதான், துளைநீர் அழுத்தம், அதாவது மண்துகள்களுக்கு இடையே நிற்கும் நீரின் அழுத்தம்தான் அதன் உராய்வைத் தின்றுவிட்டது. ஆழமான வட்டச் சறுக்கலுக்கு, கரையைச் செங்குத்துத் துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் பிஷப் முறையில், நீர்மட்டம் இப்போதுள்ள நிலை, குழாய் மட்டம், சரிவின் மேற்பரப்பு என மூன்று முறை போட்டுப் பாருங்கள். கரை உச்சியில் விரிசல் இருந்தால் அதுவும் நீர் நிரம்பியதாகவே கணக்கில் வரட்டும். குழாயின் 6 பார், அதாவது சுமார் 60 மீட்டர் உயர நீரின் அழுத்தத்தைக் கரை முழுவதற்கும் போடுவது தவறு. ஓட்டையைத் தாண்டியதும் அதில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

ஆனால் இந்தக் கணக்கு நன்றாக வந்ததாலேயே நிம்மதி அடைய முடியாது. மண் அரித்துச் செல்லப்படுவதை அது பார்ப்பதே இல்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், 1903-இல் கட்டிய லான் லேக் மண் அணை 1982 ஜூலை 15 அன்று உடைந்து 3 பேர் இறந்தார்கள். வெளியேற்றுக் குழாயும் வால்வும் சேரும் இடத்தில் அடைத்திருந்த ஈயம் சிதைந்து, அங்கே கசிந்த நீர் மண்ணை உள்ளிருந்தே அரித்ததுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. சுரங்கத்தின் சேற்றுக் குளக் கரைக்கும் இதே விதிதான்.

களத்தில் சந்தேகத்தைத் தீர்க்க, இரண்டு பக்க வால்வையும் மூடி அழுத்தமானியைப் பாருங்கள். ஹெச்டிபிஈ (அடர்த்தி மிகுந்த பாலித்தீன் பிளாஸ்டிக்) குழாய் அழுத்தத்தில் தானே விரியும், எனவே முதல் ஒரு மணி நேர இறக்கத்தை வைத்துக் கசிவு என்று முடிவு கட்டாதீர்கள். கரையடி நீரை 90° வி-நாட்ச் தடுப்பில் (V வடிவ வெட்டு வழியாக நீர் வழியும் பலகை) அளக்கலாம்: வெட்டின் அடிமுனையிலிருந்து நீர் 5 செ.மீ. உயரம் என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 0.77 லிட்டர். வால்வை மூடிய பின் அந்த அளவு குறைகிறதா என்று நாள்தோறும் குறியுங்கள். குறைந்தால் மூலம் குழாய்தான். மழையில்லா நாட்களில் செய்தால்தான் இது தெளிவாகத் தெரியும்.

கசியும் வாயில் களிமண்ணை அப்பி அடைக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் ஏறி வேறு இடத்தில் வெடிக்கும். மேலே வடிகட்டி மணல், அதன்மேல் ஜல்லி, அதன்மேல் பாறை என்று பாரம் ஏற்றுங்கள். வடிகட்டி மணலின் 15 சதவீத அளவு (எடையில் 15 சதவீதத் துகள்கள் இதைவிடச் சிறியவை), கரை மண்ணின் 85 சதவீத அளவைப் போல 4 மடங்குக்கு மேல் போகக் கூடாது. நிரந்தரத் தீர்வு, குழாயைக் கரையிலிருந்தே அகற்றித் தரைமேல் கொண்டுபோவது. முடியாவிட்டால் வெளிக்குழாய் ஒன்றுக்குள் செலுத்தி, அதன் வாயைக் கரைக்கு வெளியே கண்ணுக்குத் தெரியும் இடத்தில் திறந்து வையுங்கள். அழுத்தம் விழுந்தவுடன் பம்பு தானே நிற்கும் ஏற்பாடும் சேர்ந்தே இருக்கட்டும்.